நிலை ஒன்று

ஓய்வு என்று போட்டிருக்கிறார் பேராசிரியர். சுவரில் என் உயரத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, அதன் தலைப்பக்கப் பச்சைக்குள் கொட்டை எழுத்தில் ஓய்வு, பக்கத்தில் குட்டையாக ஒரு மஞ்சள் பட்டை, அதன் தலையில் நடமாட்டம். நேற்றுக் காரில் வரும்போது மாற்றிவிடுகிறேன் என்றுதானே சொன்னார், இல்லை, அப்படிச் சொல்லவில்லை, பார்க்கலாம்மா என்றார், பார்க்கலாம் என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது நார்வேயிலிருந்து திரும்பி வந்த இந்த இரண்டு வருஷத்தில் எனக்கு மறுபடி தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை என்றால் அது என் மடத்தனம். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு நகராட்சிக் கூட்ட அரங்கை இருட்டாக்கியிருக்கிறார்கள். புரொஜெக்டரின் விசிறி இரைகிறது. தகரக் கூரைமேல் குரங்குகள் இங்கிருந்து அங்கே ஓடுகின்றன, அங்கிருந்து இங்கே ஓடுகின்றன, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பேராசிரியர் சௌந்தரபாண்டியன் பேச்சை நிறுத்தி மேலே பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். "ஆக, காட்சி நடந்த மாசங்கள்ல காட்டுமாடுகளோட ஓய்வு நேரம் மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு." கூடியிருக்கிறது. வாய் நிறையச் சொல்கிறார். கூடியது வாஸ்தவம், அந்தக் கணக்கு என்னுடையது, எட்டு மாதம் உட்கார்ந்து நான் போட்டது, ஆனால் எது கூடியது என்பதற்கு நான் வைத்த பெயர் இதுவல்ல, நான் பெயரே வைக்கவில்லை, நிலை ஒன்று என்று எழுதினேன், வெறுமனே நிலை ஒன்று. மேசையின் தலைமாட்டில் பூத்துவாலை போர்த்திய நாற்காலியில் சப்-கலெக்டர் உட்கார்ந்திருக்கிறார், இளம்பெண், வடக்கே எங்கிருந்தோ வந்து தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டவர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். இந்தக் கூட்டம் முடியும்போது அவர் ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஆவரம்பாறைக் காட்சிமுனையில் கோடைவிழாவுக்கென்று மூன்று மாதம் ராத்திரிதோறும் நடந்த ஒளி-ஒலிக் காட்சியை இனி வருஷம் முழுக்க நடத்தலாமா, கூடாதா. விடுதி உரிமையாளர் சங்கம் அனுமதி கேட்கிறது. காட்சிமுனைக்கு நேர்க்கீழே சோலைக்குள் காட்டுமாடுகள் இருக்கின்றன, அவற்றுக்கு இடைஞ்சல் உண்டா என்று சொல்லத்தான் பேராசிரியரையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டோம். மாடுகள் நன்றாக ஓய்வெடுக்கின்றன.

ஐந்து காட்டுப்பசுக்கள். கழுத்தில் ஒரு பட்டை, பட்டையில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டி மணிக்கு ஒருமுறை மாடு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும், அங்கிருந்து என் மேசைக்கு வரும். வருவது மாடு அல்ல, ஒரு புள்ளி. அடுத்த மணிக்கு இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்பிற்று, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதை வைத்து என் கணக்கு எல்லா மணிநேரங்களையும் இரண்டு குவியலாகப் பிரிக்கிறது, சின்னச்சின்னதாக அடி வைத்த நேரங்கள் ஒரு குவியல், எட்டிப் போன நேரங்கள் இன்னொரு குவியல். கணினிக்கு மாடு என்றால் என்னவென்று தெரியாது, புல் தெரியாது, சோலை தெரியாது, காட்சிமுனையில் ராத்திரி பதினொரு மணிவரை பாறைமேல் நீலமும் சிவப்புமாக வெளிச்சத்தை அடித்து, பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி முழங்குகிறார்களே, அது தெரியாது. அதனால் அது அடக்கமாக நிலை ஒன்று, நிலை இரண்டு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும், மனுஷர்களிடம் அதில் கால்வாசி இருந்தால் போதும். சின்ன அடி வைத்த மாடு மேய்ந்துகொண்டிருக்கலாம், படுத்திருக்கலாம், கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது நான்கு காலும் தரையில் அறைந்த மாதிரி, தலையைத் தூக்கி, காதை முன்னால் விறைத்து, மேலேயிருந்து வருகிற சத்தம் எப்போது ஓயும் என்று நின்றுகொண்டிருக்கலாம். எல்லாம் சின்ன அடிதான். எல்லாம் நிலை ஒன்றுதான். ஓய்வெடுக்கிற மாடு அசைபோடும், அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பிடி. கழுத்துப் பெட்டிக்குள் அசைவைப் பதிகிற சின்னக் கருவி ஒன்று உண்டு, மாடு அசைபோட்டால் அதில் கடிகாரம் மாதிரி சீராக ஒரு துடிப்பு வரும், மெல்லும், விழுங்கும், கொஞ்சம் நிறுத்தும், அடுத்த கவளத்தை மேலே கொண்டுவரும், மறுபடி மெல்லும். காட்சிக்கு முந்தைய மாதங்களில் அந்தத் துடிப்பு முன்னிரவு முழுக்க இருக்கிறது. காட்சி நடந்த இரவுகளில் இல்லை. கோடு போட்ட மாதிரி இல்லை. ஐந்து மாட்டிலும் இல்லை. சத்தம் நின்று வெகுநேரம் கழித்து, வெளுக்கப்போகும்போது கொஞ்சம் வருகிறது. அசைபோடாமல் என்ன ஓய்வு, எந்த ஊர் மாடு அப்படி ஓய்வெடுக்கும், வயிற்றில் அரைகுறையாக இறக்கிய புல்லை வைத்துக்கொண்டு.

இதையெல்லாம் நேற்று அவரிடம் சொன்னேன். கொண்டை ஊசி வளைவுகளில் கார் திரும்பத் திரும்ப எனக்குக் குமட்டியது, இந்த வயசில் எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்வதில்லை, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "ஏம்மா மங்கை, நிலை ஒன்னுன்னு போட்டா அந்தக் கூட்டத்துல யாருக்குப் புரியும்? லாட்ஜ்காரங்களுக்குப் புரியுமா? கவுன்சிலருக்குப் புரியுமா? நிலை ஒன்னுன்னா என்னமோ வெள்ள அபாய எச்சரிக்கைன்னு நினைப்பாங்க" என்று சிரித்தார். டிரைவரும் சிரித்தார். "இங்கிலீஷ் ரிப்போர்ட்ல நீ சொன்ன மாதிரியேதானே வச்சிருக்கேன்? இது தமிழ்ச் சுருக்கம்மா. ஜனங்களுக்கு." ஜனங்களுக்கு. அதுதான் எனக்கு ஆறவில்லை, எலுமிச்சம்பழத்தையும் மீறி அதுதான் நெஞ்சில் ஏறி நின்றது, இப்போதும் நிற்கிறது. இங்கிலீஷில் எழுதும்போது எத்தனை தயக்கம், எத்தனை 'இருக்கலாம்', எத்தனை அடிக்குறிப்பு, ஐந்தே மாடுதான், மேலும் ஆராய வேண்டும் என்று எத்தனை பணிவு. அதே ஆள் தமிழுக்கு வந்ததும் எல்லாத் தயக்கத்தையும் உதறிவிட்டு ஓய்வு கூடியிருக்கிறது என்று முடித்துவிடுகிறார். தமிழில் படிக்கிறவனுக்குச் சந்தேகம் எதற்கு, அவனுக்கு முடிவு போதும், ஒரு பச்சைப் பட்டை போதும். நான் பத்தாம் வகுப்புவரை தமிழில்தான் படித்தேன். நிகழ்தகவு என்ற சொல்லை எங்கள் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிய அன்று, ஒன்றை உறுதியாகத் தெரியாது என்பதையே இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மொழியில் தெரியாது என்று எழுத முடியாதா. தெரியாது என்பது என்ன அத்தனை கஷ்டமான சொல்லா, கவுன்சிலருக்குப் புரியாத சொல்லா.

கெட்ட மனுஷர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. மூன்றாவது மாட்டுக்கு மயக்க ஊசி போட்ட அன்று அது சரிவில் சாய்ந்து மூச்சுத் திணறியபோது, சட்டையைக் கழற்றி நனைத்து அதன் கண்ணை மூடி, அதன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, "ஏ தாயி, எந்திரிச்சிரு தாயி, எந்திரிச்சிரு" என்று அழுதார், அறுபதை நெருங்குகிற மனுஷன், எல்லோர் முன்னாலும். நான் பார்த்தேன். அந்த மாட்டுக்குத்தான் இன்று ஓய்வு என்று பட்டம் கட்டியிருக்கிறார். காரில் கடைசியாக, வளைவுகள் முடிந்து சமதரை வந்தபிறகு, திரும்பாமலே சொன்னார், "அடுத்த வருஷம் இன்னும் பத்து மாட்டுக்குப் பட்டை போட அனுமதி கேட்டிருக்கோம். அதுக்கான சிபாரிசும் இந்த சப்-கலெக்டரம்மா மேசையிலதான் இருக்கு. லாட்ஜ்காரங்க முறைச்சுக்கிட்டா இந்த மலையில நாம கால் வைக்க முடியாது, மங்கை. பத்து மாடு கிடைச்சா நீ சொல்றதையெல்லாம் அப்பறம் அசைக்க முடியாம நிரூபிக்கலாம்ல?" நியாயம்தானே. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அருவருப்பு, கேட்கிற எல்லாமே அந்தந்த வளைவில் நியாயமாகத்தான் இருக்கிறது. அப்பறம் நிரூபிக்கலாம், இப்போது பொய் சொல்லிக்கொள்ளலாம், பொய் சொல்லி வாங்கிய பட்டையில் உண்மை வரும். பத்து மாடு வந்தால் என் வேலையும் இன்னும் மூன்று வருஷம் ஓடும் என்பதையும் அவர் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதும் மரியாதைக்குத்தான், எனக்கே தெரியும் என்பதால். அதற்குள் அந்தச் சோலையில் என்ன மிஞ்சும். ஒருபக்கம் செங்குத்தாகப் பாறை, ஒருபக்கம் வண்டி ஓயாத சாலை, நடுவே துண்டுத்துணி மாதிரி ஒரு சோலை, அங்கேதான் அவை நிற்கின்றன. வேறு எங்கேயும் போகவில்லையே, பிடித்துத்தானே நிற்கிறது என்று நேற்று ராத்திரி விடுதியில் சாப்பிடும்போது ஒருத்தர் கேட்டார். எங்கே போவது. வழி இருந்து போகாதவனைத்தான் பிடித்து நிற்கிறான் என்று சொல்ல வேண்டும்.

"ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம்" என்று தாமோதரன் எழுந்துவிட்டார். விடுதி உரிமையாளர் சங்கத் தலைவர். கையில் மிக்சர் தட்டு. காலையில் வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், குளிருக்கு ஸ்வெட்டர் போடலையா, ஓ, நீங்க ஐஸ்லயே குடித்தனம் பண்ணவங்கல்ல" என்று வரவேற்றவர், எனக்கு அவரையும் வெறுக்க வரவில்லை, இதுவும் ஒரு தொல்லை. "சார் சொல்றதை நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு பாருங்க. லைட்டுப் போடறதுக்கு முன்னாடி மாடு கம்மியா ரெஸ்ட் எடுத்துச்சு. லைட்டுப் போட்டதுக்கப்பறம் நல்லா ரெஸ்ட் எடுக்குது. அம்புட்டுதான?" பேராசிரியர், "தரவு அப்படித்தான் காட்டுது" என்கிறார். தரவாம். "அப்ப நாங்க மாட்டுக்கு உபகாரம்ல பண்ணியிருக்கோம்! மேடம், எங்க லாட்ஜில ரூம் போட்டு வர்றவன்கூட இம்புட்டுத் தூங்கறதில்லை. விடிய விடிய ஆடுறான். அந்த மாட்டை எங்க ரூம்ல தங்க வச்சா ஒரு கம்ப்ளெயிண்ட் வராது." அரங்கம் சிரிக்கிறது. கவுன்சிலர், "அதுக்கும் ஜி.எஸ்.டி. போட்டிருவியே" என்கிறார், இன்னும் பெரிதாகச் சிரிக்கிறார்கள். சப்-கலெக்டர் புன்னகையை உதட்டோரம் அடக்கிக்கொண்டு, "தயவுசெய்து அமருங்கள், இன்னும் முடியவில்லை" என்கிறார். தாமோதரன் உட்கார்ந்து, எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "நான் அப்பவே சொன்னேன், மொத வாரம் மெரளும், அப்பறம் பழகிரும்னு. பழகிருச்சு பாருங்க" என்கிறார். பழகிருச்சு. நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளிம்பில் யாரோ காம்பஸ் முனையால் ஒரு பெயரைக் கீறியிருக்கிறார்கள், பாதியில் விட்டுவிட்டார்கள்.

பழகிடுச்சும்மா என்றுதான் பக்கத்து வீட்டு சகுந்தலா அக்காவும் சொன்னாள், நான் ஊர் திரும்பிய முதல் வாரம், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரின் முழுச் சத்தத்துக்கு மேலே கத்தி. எங்கள் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு சுவர். அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, அதற்காகத்தான் நான் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, மாத்திரை டப்பா அலமாரியில் தானாக நகர்ந்தது. "நீ ஒன்னும் கவலைப்படாத மங்கை, மொதல்ல ரெண்டு மூணு முகூர்த்தம் கத்திக் கிடந்தாரு, கையைக் காலை ஆட்டுவாரு. இப்ப பாரு, சத்தம் போட்டதும் அசையாம தூங்கிர்றாரு. பச்சப்புள்ள மாதிரி." அசையாமல்தான் இருந்தார். நானும் பார்த்தேன், நானும் ஒரு கணம் நம்பினேன், அத்தனை தூரம் வந்த களைப்பில் நம்புவது சௌகரியமாக இருந்தது. போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது விரல் அவர் முதுகில் பட்டது. பலகை. முதுகு முழுக்க ஒரு பலகை. எட்டி முகத்தைப் பார்த்தேன், கண் திறந்திருந்தது, சுவரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. செயல்படுகிற ஒரு கை மெத்தை விரிப்பைப் பிடித்திருந்தது, நகம் வெளுத்திருந்தது, பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. மண்டபத்துக்காரரிடம் போனேன். "என்னங்க பண்றது, வருஷத்துல பாதி நாள் முகூர்த்தம், ஒங்கப்பாதான் ஒன்னும் சொல்றதில்லையே" என்றார். ஒன்றும் சொல்வதில்லையே. பேச்சுப் போன மனுஷன் ஒன்றும் சொல்வதில்லை. நான் கத்தினேன் அங்கே, செருப்பைக்கூடக் கழற்றாமல் மணவறைக்குப் போகிற வழியில் நின்று கத்தினேன், பெண்வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள், யாரோ ஒரு மாமா என் தோளைத் தொட்டு, "நல்ல காரியம் நடக்கற எடத்துல ஏம்மா" என்றார். பாட்டு மாறிற்று, அவ்வளவுதான். ஐப்பசியில் அப்பா போனார். தூக்கத்திலேயே போய்விட்டார், நிம்மதியான சாவு என்றார்கள் எல்லோரும். தூக்கம் என்று பெயர் வைத்தது யார்.

நிறுத்து. இதுதான் பேராசிரியர் சொல்லப்போவது, மனுஷ உணர்ச்சியை மாட்டுமேல ஏத்தாத மங்கை, உன் அப்பா வேற, மாடு வேற. வேறுதான். எனக்குத் தெரியாதா. அந்தப் பசுவின் முதுகை நான் தொட்டுப் பார்க்கவில்லை, தொட முடியாது, அது பயந்து நிற்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பயம் என்று நான் எழுதினால் அது கற்பனை, ஓய்வு என்று அவர் எழுதினால் அது அறிவியலா. ஓய்வு மட்டும் மாட்டின் சொந்தச் சொல்லா, அதுவே வந்து மேசைமேல் முன்னங்காலைத் தூக்கி வைத்துச் சொல்லிற்றா. இவர்களுக்கு வசதியான உணர்ச்சியை மாட்டுமேல் ஏற்றினால் அது உணர்ச்சியே இல்லை, வெறும் தரவு. அங்கேயும் இதே கதைதான், அங்கே என்ன வாழ்ந்தது. நார்வேயில் காற்றாலைகளுக்கு நடுவே பனிமான்கள் விலகாமல் நின்றன என்று நாங்கள் கணக்குப் போட்டபோது, கம்பெனியின் கோப்பில் அதற்கு சகிப்புத்தன்மை என்று பெயர் வைத்தார்கள். நல்ல காகிதம், நல்ல அச்சு, அட்டையில் மான் படம். அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தபோது, உங்கள் நாட்டில் மான் உண்டா என்று ஒருத்தர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். இங்கே வாயைத் திறந்தால் நீங்க ஐஸ்ல இருந்தவங்க என்பார்கள். அங்கே நின்றால் சகிப்பு, இங்கே நின்றால் ஓய்வு, எங்கே நின்றாலும் நிற்கிறவனுக்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது, ஓடினால்தான் தொந்தரவு, ஓடிக் காலை உடைத்துக்கொண்டு சாலையில் கிடந்தால்தான் தொந்தரவு, அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பதினோராம் வகுப்பில் டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு கை வந்தபோது நான் அப்படித்தான் நின்றேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், அரசமர நிறுத்தத்திலிருந்து காலேஜ் நிறுத்தம்வரை. கண்டக்டர் விசிலால் கம்பியைத் தட்டி, "என்னா பாப்பா, நின்னுக்கிட்டே தூங்குறியா, டிக்கெட்டு எடு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐயோ, நானும் சிரித்தேன்.

"டாக்டர் மங்கையர்க்கரசி." விளக்கைப் போடவில்லை, சப்-கலெக்டரின் முகம் புரொஜெக்டர் வெளிச்சத்தில் பாதி தெரிகிறது. எத்தனை தடவை கூப்பிட்டார் என்று தெரியவில்லை. "இந்தக் கணக்கைத் தாங்கள்தான் செய்தீர்கள் என்று பேராசிரியர் கூறுகிறார். விலங்குகள் ஓய்வு எடுக்கின்றன என்ற இந்த ஒன்றை வைத்துத்தான் நான் அனுமதி வழங்கப் போகிறேன். இது சரிதானா? தாங்கள் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா?" எல்லோரும் திரும்புகிறார்கள். பேராசிரியர் மடிக்கணினிமேல் கை வைத்தபடி என்னைப் பார்க்கிறார், கெஞ்சுகிற பார்வைதான், அதட்டுகிற பார்வை இல்லை, சட்டையைக் கழற்றி மாட்டின் கண்ணை மூடிய அதே முகம். பத்து மாடு. மூன்று வருஷம். அப்பறம் நிரூபிக்கலாம். சொல்ல வேண்டியது என்ன என்று தெரியும், முதல் சொல் எது என்றுகூடத் தெரியும், வாய் திறக்கவில்லை. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கை நாற்காலியின் கீழ் விளிம்பைப் பிடித்திருக்கிறது, தோள் காதுவரை ஏறியிருக்கிறது, என்னால் ஒரு விரலை அசைக்க முடியவில்லை. விசிறி இரைகிறது. யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறார்கள். "டாக்டர்?" என்கிறார் சப்-கலெக்டர். தாமோதரன்தான், வேறு யார், நல்ல மனசோடுதான், சங்கடத்தைக் கலைக்கத்தான், "விடுங்க மேடம், அவங்களும் ரெஸ்ட்ல இருக்காங்க" என்றார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். தலையைக் குனிந்து, அடக்க முடியாமல், நல்லவேளை என்று மூச்சுவிட்ட மாதிரி சிரித்தார்.

எழுந்துவிட்டேன். எப்படி என்று கேட்டால் தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை நிமிர்த்தவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு சுவருக்குப் போனேன், புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் அறைந்தது, யார் முகமும் தெரியவில்லை, அதுவும் நல்லதாயிற்று. அந்தச் சொல்லை மறைத்துவிட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன். மறையவில்லை. சுவரிலிருந்து எழும்பி என் புறங்கைமேல் உட்கார்ந்துகொண்டது, நரம்புகளுக்கு நடுவே நெளிந்து, ஓய்வு என்று. "இது தப்பு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "இது ஓய்வு இல்லை. மாடு ஓய்வெடுத்தா அசைபோடும். கழுத்துப் பெட்டியில அது பதிவாகும். காட்சி நடந்த ராத்திரிகள்ல, லைட்டு எரியற நேரம் முழுக்க, அஞ்சு மாட்டுல ஒன்னுகூட அசைபோடலை. நின்னுக்கிட்டிருந்திருக்கு, அவ்வளவுதான் தெரியும்."

"அப்ப அது என்னதான் மேடம் பண்ணுது?" தாமோதரன் குரல். சிரிப்பு இல்லை அதில்.

"எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் எழுதியிருந்தேன்."

"தெரியாததுக்கு எதுக்கு மேடம் எங்க பொழப்பை நிறுத்தறீங்க?"

"நான் எதையும் நிறுத்தலைங்க. தெரிஞ்ச மாதிரி எழுதினதை எடுக்கச் சொல்றேன்."

வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு சப்-கலெக்டர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துப் பேசினார், "இந்தச் சொல் சரியில்லை எனில் என்னிடம் அனுமதி வழங்க வேறு ஆதாரம் இல்லை. பேராசிரியர் அவர்களே, இது தங்களுடைய அறிக்கை. இச்சொல் இருக்க வேண்டுமா, வேண்டாமா?"

"சார், அழிங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மங்கை, யோசிச்சுத்தான் சொல்றியா? பத்து மாடும் போயிரும்மா" என்றார்.

"போகட்டும் சார். நீங்க அழிக்கிறவரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்."

கை வலிக்கத் தொடங்கியிருந்தது. எடுக்கவில்லை. யாரோ இருமினார்கள். யாரோ, கவுன்சிலராக இருக்கும், "என்னய்யா இது" என்று முணுமுணுத்தார்கள். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியில் ஒரு விசை அழுந்தும் சத்தம் கேட்டது, சின்னச் சத்தம். என் புறங்கையில் கடைசி எழுத்து போயிற்று. அவர் நிறுத்தினார். மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. இன்னொரு எழுத்து. பிறகு முதல் எழுத்தும் போயிற்று, தோலின்மேல் வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது, பச்சையாக.